யான் டெ ஹார்தோக்: டக் போட்டை வைத்து ஒரு நாவலா?

4 மார்ச் 2021: ஒரு வாசகரின் கேள்வி

அண்ணாச்சி, கடல் நாவல்கள் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு டச்சுக்காரரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினீர்கள். தேடிப் பார்த்தேன். யான் டெ ஹார்தோக், 1914இல் பிறந்து 2002இல் இறந்தவர். பெயர் வாங்கித் தந்த நாவல் 'ஹாலந்தின் பெருமை'. அது வந்தது 1940இல். சில நாளிலேயே ஹிட்லர் படை நாட்டுக்குள் நுழைந்துவிட்டது. தலைப்பிலேயே நாட்டின் பெயர் இருக்கிறது, மிதிபட்டுக் கிடந்த சனம் கொடி மாதிரி வாங்கி வைத்துக்கொண்டது. போர் வராவிட்டால் இந்தப் புத்தகத்தை யார் சீண்டியிருப்பார்கள்? அதுவும் டக் போட் கதை. திமிங்கிலம் கிடையாது, தீவு கிடையாது, கொள்ளைக்காரன் கிடையாது. துறைமுகத்தில் கப்பலைத் தள்ளிவிடும் வண்டியை வைத்து ஒரு நாவலா?

5 மார்ச் 2021

தம்பி, போர் விஷயம் அப்புறம். முதலில் அந்த 'வண்டி'.

நான் பத்தொன்பது வருஷம் டக்கில் லஸ்கராக, அதாவது சாதாரண மாலுமியாக, இருந்தவன். பெரிய கப்பல் ஒன்று நிலக்கரியோடு வருகிறது என்று வையுங்கள். அடியில் நின்று பார்த்தால் அது கப்பலாகவே தெரியாது, துருப்பிடித்த சுவர் ஒன்று நம் மேல் சாய்ந்துகொண்டு வருவது போல இருக்கும். மேலேயிருந்து முனையில் கனம் கட்டிய மெல்லிய கயிற்றை வீசுவார்கள். பிடித்து இழுத்தால் அதன் வாலில் தடிக் கயிறு, தடிக் கயிற்றின் வாலில் வயர். வயரைக் கொக்கியில் மாட்டியதும் எங்கள் மாலுமிகளுக்குத் தலைவரான செராங் ஒரு கை அசைப்பார். அதற்குப் பிறகு யாரும் பின் தளத்தில் நிற்கக் கூடாது. ஏனென்றால் விறைத்த வயர் அறுந்தால் அது எந்தப் பக்கம் போகும் என்று யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். ஒரு துறைமுகத்தில், 1994 என்று நினைக்கிறேன், வயர் அறுந்தது. நான் நின்றிருந்த இடத்தில்தான் வந்து அடித்தது. இரும்புக் கைப்பிடிக் கம்பி கைமுறுக்கு மாதிரி சுருண்டுவிட்டது. ஒரு நிமிஷத்துக்கு முன்னால் செராங், "டேய், போய் டீ போட்டுக் கொண்டா" என்று கத்தியிருந்தார். முணுமுணுத்துக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போனேன். அந்த டீதான் இப்போது உங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறது.

இது துறைமுக டக். ஹார்தோக் எழுதியது கடலோடும் டக், அது வேறு சாதி. உடைந்த கப்பல், தூர்வாரும் எந்திரம், மிதக்கும் கப்பல் பட்டறை என்று தானாக நகர முடியாத எதையும் முதுகில் கட்டிக்கொண்டு சமுத்திரம் தாண்டுவது. 1928இல் இங்கிலாந்தில் கட்டிய ராட்சதப் பட்டறை ஒன்றை டச்சு டக்குகள் சேர்ந்து சூயஸ் வழியாகச் சிங்கப்பூருக்கு இழுத்துக்கொண்டு போயின. நம் கன்னியாகுமரிக்குத் தெற்கே எங்கோதான் அந்த ஊர்வலம் கடந்து போயிருக்க வேண்டும். நடந்து போகிறவனுக்குச் சற்று மேலான வேகம். இந்தத் தொழிலில் ஒரு காலத்தில் டச்சுக்காரனை அடிக்க உலகத்தில் ஆள் கிடையாது. ராட்டர்டாம், மாஸ்லுய்ஸ், இந்த ஊர்க்காரர்கள்தான்.

வயர் ஏன் அத்தனை நீளம் என்று நிறையப் பேர் கேட்பார்கள். நடுக்கடலில் வயர் நேராக விறைத்து நிற்கக் கூடாது. சொந்தக் கனத்தில் தண்ணீருக்குள் தொய்ந்து தொங்க வேண்டும். அலை வந்து முன்னால் போகிறவனையும் பின்னால் வருகிறவனையும் வெவ்வேறு நேரத்தில் தூக்கிப் போடும்போது அந்தத் தொய்வுதான் அதிர்ச்சியைத் தின்கிறது. தொய்வு போனால் வயர் போகும். ஹார்தோக்கின் கேப்டன்கள் தொடுவானத்தைப் பார்த்து நிற்கிறவர்கள் அல்ல. திரும்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டே இருப்பவர்கள். கடல் நாவலில் இதை நான் வேறு எங்கும் கண்டதில்லை.

இன்னொன்று, பாரத்தை இழுக்கும் டக்கின் கொக்கி பின் முனையில் இருக்காது, ஏறக்குறைய நடுவில் இருக்கும். பின் முனையில் வைத்தால் டக்கால் திரும்ப முடியாது. நடுவில் வைத்ததால் இன்னொரு ஆபத்து. இழுபடும் கப்பல் திடீரென்று விலகி ஓடினால் கயிறு பக்கவாட்டில் இழுக்கும், டக் குப்புறக் கவிழும். கோடாரியால் வெட்டவோ கொக்கியைத் தட்டிவிடவோ சில விநாடிகள்தான். திமிங்கிலம் இல்லை என்கிறீர்கள். கட்டி இழுக்கிற கப்பலே நம்மைக் கொல்லும் என்பது போதாதா?

5 மார்ச் 2021, இரவு

பெயரைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருக்கிறார். ஜான் அல்ல, யான். சங்கப் பாட்டில் வருகிற அதே 'யான்'. ஹார்தோக்கின் கடைசி எழுத்து மீன்முள் தொண்டையில் மாட்டியவன் செய்கிற ஓசை. நம் எழுத்தில் அதற்கு வழியில்லை.

7 மார்ச் 2021

இப்போது போர்.

நீங்கள் சொன்னதில் பாதி சரி. 1940 மே 10 அன்று ஜெர்மானியர்கள் உள்ளே வந்தார்கள். 14ஆம் தேதி ராட்டர்டாமின் நடு நகரத்தைக் குண்டு போட்டு எரித்தார்கள். ஐந்தே நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் கடையில் 'ஹாலந்தின் பெருமை' என்று ஒரு புதுப் புத்தகம் அடுக்கி வைத்திருந்தால், படிக்கத் தெரியாதவன்கூட வாங்குவான். லட்சக்கணக்கில் விற்றது. பிறகு நாஜிகள் தடைசெய்தார்கள். எழுத்தாளர்கள் எல்லாரும் சேர வேண்டும் என்று அவர்கள் அமைத்த கலாசாரச் சபையில் ஹார்தோக் சேரவில்லை. சேராதவனின் புத்தகம் கடையில் இருக்கக் கூடாது.

ஆனால் தலைப்பை விட்டுவிட்டு உள்ளே போங்கள். நான் டச்சு படிக்கத் தெரியாதவன். 'கேப்டன் யான்' என்று ஆங்கிலத்தில் வந்ததைத்தான் படித்தேன். அதில் ஜெர்மானியர் வில்லன் இல்லை. வில்லன் டச்சு முதலாளி. க்வெல் என்று பெயர். டச்சு மொழியில், கரையணைக்கு அடியில் சத்தமில்லாமல் கசிந்து உள்ளே வருகிற தண்ணீருக்கும் க்வெல் என்றுதான் பேர். கதாநாயகன் யான் வாண்டெலார் ஒரு டக் மாலுமி. கடைமட்டத்தில் ஆரம்பித்து, கேப்டனுக்கு அடுத்த அதிகாரியான மேட் ஆகி, கேப்டன் ஆகிறான். வழியெல்லாம் கம்பெனியோடு மல்லுக்கட்டுகிறான். சம்பளம், தட்டு நிறையாத சாப்பாடு, கடலில் போகவே தகுதியில்லாத ஓட்டைக் கப்பலை இழுத்துப் போகச் சொல்வது, சங்கம் சேர்ந்தால் வேலை இல்லை என்பது. வாண்டெலார் என்றால் நடந்து போகிறவன் என்று அர்த்தம். கடலோடிக்கு நடராசன் என்று பேர் வைத்த மாதிரி.

அப்படியென்றால் 'பெருமை' என்பது யாருடைய பெருமை? வெளிநாட்டுக்காரன் வாய்பிளந்து பார்க்கிற கொடியை முதலாளி தூக்கிப் பிடிக்கிறான், கொடிக்கம்பம் மாலுமியின் முதுகில் நட்டிருக்கிறது. தலைப்பிலே எள்ளல் இருக்கிறது. முதலாளியைத் திட்டி எழுதிய புத்தகத்தை நாடே தேசபக்திப் புத்தகமாகப் படித்துவிட்டது. இதைப் போர் தந்த அதிர்ஷ்டம் என்பதா, போர் செய்த குளறுபடி என்பதா? ஹார்தோக்கின் வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

போர் இல்லாவிட்டால் விற்றிருக்காது என்று நீங்கள் சொன்னதை முழுசாக மறுக்க மாட்டேன். போர் முடிந்து பல வருஷம் கழித்து, 1977இல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோதும் சனம் விழுந்து விழுந்து பார்த்தது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அந்தத் தொடருக்காக 'ஃபூரி' என்ற 1916ஆம் வருஷத்து நீராவி டக்கை ஸ்வீடனிலிருந்து வாங்கிக் கொண்டுவந்தார்கள். இன்றைக்கும் மாஸ்லுய்ஸில் அருங்காட்சியகமாக நிற்கிறது.

8 மார்ச் 2021

"புத்தகத்தை எழுதிவிட்டு இங்கிலாந்துக்கு ஓடிவிட்டாரே, அங்கே போய் மொழியையும் மாற்றிக்கொண்டாரே" என்கிறார் நம் வாசகர். விடமாட்டார் போல.

ஓடவில்லை, ஒளிந்தார். ஆம்ஸ்டர்டாமில் வயதான பெண்மணிகள் தங்கும் ஒரு விடுதியில், கிழவி வேஷத்தில். முப்பதைத் தொடாத ஆள். கதவுக்கு வெளியே நாஜி ரோந்து, உள்ளே பாட்டிமார். அந்த அறையில் உட்கார்ந்து என்ன எழுதினார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு கட்டில், ஒரு புருஷன், ஒரு பெண்டாட்டி. கல்யாண ராத்திரியில் ஆரம்பித்து முப்பத்தைந்து வருஷம். மேடையில் இரண்டே நடிகர்கள். அந்தக் 'கட்டில்' நாடகம் 1951இல் நியூயார்க்கின் பிராட்வேயில் ஏறி, மறு வருஷம் சிறந்த நாடகத்துக்கான டோனி விருதை வாங்கியது. பிறகு அதையே பாட்டு நாடகமாகவும் போட்டார்கள். கடல் எழுத்தாளர் என்று நாம் கொண்டாடுகிறவருக்கு உலகம் நெடுக ராயல்டி கொண்டுவந்தது ஒரு கட்டில். இதை நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

1943இல்தான் பெல்ஜியம், பிரான்ஸ், ஸ்பெயின் வழியாகத் தப்பி லண்டன் சேர்ந்தார். அங்கே டச்சு வணிகக் கப்பல்காரர்கள் பற்றிச் செய்தி எழுதும் வேலை. 1940இல் கடலில் இருந்த டச்சு டக்குகள் பல ஊர் திரும்பாமல் நேச நாடுகளோடு சேர்ந்துகொண்டன. அவற்றில் வேலை பார்த்தவர்கள் வருஷக்கணக்கில் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்காதவர்கள். அவர்கள் வாயிலிருந்து கேட்டதுதான் பின்னால் வந்த நாவல்களுக்கு முதலீடு.

மொழி மாறியது நிஜம். போருக்குப் பிறகு பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார். டச்சு விமர்சகர்கள் அவரைக் கதைசொல்லி என்று சொல்லி ஓரம் கட்டியதற்கு அது மட்டும் காரணம் இல்லை, அதுவும் ஒரு காரணம். நம் ஊரிலும் நிறைய விற்கிறவனை இலக்கியவாதி என்று சொல்ல நாக்கு கூசும், இல்லையா?

11 மார்ச் 2021

ஒரு திருத்தம். போன மாதம் இங்கே பேசும்போது "கடலிலேயே வளர்ந்தவர்" என்று அடித்துவிட்டேன். அது தப்பு.

அப்பா கால்வினிய இறையியல் பேராசிரியர். அம்மா மத்தியகால ஞானியரைப் பற்றி விரிவுரை செய்தவர். ஹார்லெம் ஊரில் புத்தக அலமாரிகளுக்கு நடுவே பிறந்த பிள்ளை. பத்துப் பதினோரு வயதில் வீட்டைவிட்டு ஓடி, ஸாய்டர்ஸே என்ற உள்கடலில் ஒரு மீன்பிடிப் படகில் எடுபிடியாகச் சேர்ந்தார். அப்படிப்பட்ட பையனை அங்கே 'கடல் சுண்டெலி' என்பார்கள். அப்பா போய் இழுத்துக்கொண்டு வந்தார். மறுபடி ஓடினார். பதினாறு வயதில் ஆம்ஸ்டர்டாம் கப்பற் பயிற்சிப் பள்ளியில் கொஞ்ச காலம் இருந்தார், அங்கிருந்து விரட்டிவிட்டார்கள். "இது கடற்கொள்ளையர்களுக்கான பள்ளி இல்லை" என்று சொல்லி அனுப்பினார்களாம்.

இந்த 'களாம்' முக்கியம். இந்தக் கதைகளில் பாதி அவர் வாயால் வந்தவை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கொஞ்சம் மெருகேறியிருக்கும் என்பது என் சந்தேகம். கடற்கொள்ளையர் வசனம் நாடகக்காரன் எழுதிய வசனம் மாதிரியே இருக்கிறது. ஆள் நாடகக்காரர்தானே. எண்ணிப் பார்த்தால் அவர் கடலில் இருந்த வருஷங்களைவிட மேடைக்குப் பக்கத்தில் இருந்த வருஷங்கள் அதிகமாக இருக்கும்.

ஆனால் ஆம்ஸ்டர்டாம் துறைமுகப் போலீசில் ராத்திரி ஷிப்டில் கரி அள்ளிப் போட்ட காலம் ஒன்று உண்டு. அங்கே கிடைத்த சரக்கில் துப்பறியும் நாவல்கள் எழுதினார். 'ஒரு இடது கால் தேவை' என்று ஒரு தலைப்பு, 'மூன்று செத்த குள்ளர்கள்' என்று இன்னொன்று. மாத நாவல் வாசகர்களுக்குத் தனியாகச் சிபாரிசு செய்ய வேண்டியதில்லை. புனைபெயர் எஃப். ஆர். எக்மார். இதை டச்சில் வேகமாகச் சேர்த்துச் சொன்னால் 'தொலைந்து போ' என்று காதில் விழும். பேராசிரியர் வீட்டுப் பிள்ளை அட்டையில் நின்று வாங்குகிறவனைத் திட்டியிருக்கிறது.

12 மார்ச் 2021

நடுவில் ஒருவர் "நமக்கும் டச்சுக்காரனுக்கும் என்ன சம்பந்தம், ஏன் இத்தனை பேச்சு" என்று எழுதியிருக்கிறார். எங்கள் தூத்துக்குடியை 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது அவர்கள்தான். நீங்கள் எண்ணுகிற துட்டு அவர்களுடையது. காலையில் போகிற கக்கூசும் அவர்களுடையது. யாழ்ப்பாணத்து நண்பர்கள் இன்னும் வேலைக்குக் கந்தோருக்குத்தான் போகிறார்கள், அதுவும் டச்சுச் சொல். காசு, ஆபீஸ், கழிப்பறை. ஒரு வியாபாரக் கம்பெனி வேறு எதை விட்டுவிட்டுப் போகும்?

சரி, இழைக்கு வருவோம்.

16 மார்ச் 2021

நான் முதலில் படித்தது 'ஹாலந்தின் பெருமை' அல்ல, 'கேப்டன்'. 1966இல் ஆங்கிலத்தில் வந்தது. மாலுமிகள் விடுதி ஒன்றின் நூலகத்தைக் காலி பண்ணியபோது, எடைக்குப் போட வைத்திருந்த பெட்டியில் அட்டை இல்லாமல் கிடந்தது. முதல் பக்கத்தில் யாரோ பென்சிலால் ஏதோ கணக்கு எழுதியிருந்தான். ஓவர்டைம் கணக்காக இருக்கலாம்.

மார்டினஸ் ஹாரிங்ஸ்மா என்று ஒரு இளம் கேப்டன். 'இஸபெல் க்வெல்' என்று ஒரு பெரிய டக். பாருங்கள், கப்பலின் பெயரிலும் அந்த முதலாளி. இரண்டாம் உலகப் போர். ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் துறைமுகத்துக்கு ஆயுதமும் சாமானும் கொண்டுபோகும் கப்பல் கூட்டத்தோடு போக உத்தரவு. அந்த வழி தெரியும்தானே? நார்வேக்கு வடக்கே, பனிக்கட்டி விளிம்பில். கோடையில் இருட்டவே இருட்டாது, விமானத்துக்குக் கொண்டாட்டம். குளிர்காலத்தில் தளத்தில் தெறித்த தண்ணீர் அங்கேயே கட்டியாகி, அடித்து உடைக்காவிட்டால் கனத்தில் கப்பல் கவிழும். தண்ணீரில் விழுந்தவனுக்குச் சில நிமிஷம். அந்தக் கூட்டத்தில் ஒரு டக்குக்கு என்ன வேலை? அடிபட்டவனைக் கட்டி இழுப்பது. எல்லாரும் தப்பி ஓடும் இடத்தில் இவன் நின்று கயிறு கட்ட வேண்டும். கயிறு கட்டுகிற நேரத்தில் அவன் அசையாத இலக்கு.

இந்த நாவலில் புயல் பெரிய விஷயம் இல்லை. தான் ஒரு கேப்டன்தானா, கேப்டன் வேஷம் போட்டவனா என்று அந்தப் பையன் ராத்திரி ராத்திரி யோசிக்கிறான். ஆட்கள் முகத்தைப் பார்க்கிறான். கடைசியில், யாரையும் கொல்லும் வேலைக்கு இனி நான் இல்லை என்ற முடிவுக்கு வருகிறான். ஹார்தோக் அப்போது குவேக்கர் ஆகிவிட்டார். அதாவது ஆயுதம் எடுக்க மாட்டோம் என்கிற கிறிஸ்தவச் சபை. பிரசாரம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை, ஏனென்றால் முடிவு கோயிலில் வரவில்லை, பனியில் விறைத்த கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறது.

'ஸ்டெல்லா' என்று இன்னொன்று. அதுவும் போர்க்கால டக் கேப்டன்கள். ஒரு வீட்டுச் சாவி ஒரு கேப்டனிடமிருந்து அடுத்தவனுக்குப் போகிறது. அவன் செத்தால் அதற்கடுத்தவனுக்கு. வீட்டோடு அதில் இருக்கும் பெண்ணும். 1958இல் சோஃபியா லோரன் நடித்து 'சாவி' என்று படமாக வந்தது. அந்தப் பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு புகார் இருக்கிறது, இன்னொரு நாள்.

கப்பலைக் கடவுளுக்கு அடுத்தபடி ஆள்கிறவன் கேப்டன் என்று டச்சில் ஒரு பழைய சொல்வழக்கு. அதையே தலைப்பாக்கி, ஒளிந்து வாழ்வதற்கு முன்பே, 1942 வாக்கில் ஒரு நாடகம் எழுதினார். யோரிஸ் கைப்பர் என்ற கேப்டன், கப்பல் நிறைய யூத அகதிகள். எந்தத் துறைமுகமும் இறங்க விடவில்லை. சட்டம் எல்லாம் சரியாக இருக்கிறது, முத்திரை சரியாக இருக்கிறது, இறங்க மட்டும் முடியாது. அவன் கடைசியில் என்ன செய்கிறான் தெரியுமா? அமெரிக்கக் கரையில் பணக்காரர்களின் பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கிறது. கப்பலை அதன் நடுவே கொண்டுபோய்ச் சொந்தக் கையால் மூழ்கடிக்கிறான். கண்ணெதிரே தண்ணீரில் தத்தளிப்பவனைத் தூக்கியே ஆக வேண்டும் என்பது கடல் சட்டம். கரையில் விசா கேட்ட சமுதாயம், தண்ணீரில் ஒவ்வொருவராகக் கைகொடுத்துத் தூக்க வேண்டியதாகிவிட்டது.

17 மார்ச் 2021

ஆமாம், நாடகத்தின் முடிவைச் சொல்லிவிட்டேன். மன்னிக்கவும். மேலே அழிக்கத் தெரியவில்லை.

23 மார்ச் 2021

'தொலைந்த கடல்' என்ற சின்னப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். 1951இல் வந்தது. சுண்டெலிப் பையனின் கதை. பழைய தடவை படித்தபோது சிறுவர் கதை என்று ஒதுக்கி வைத்திருந்தேன். இந்தத் தடவை தலைப்பிலேயே நின்றுவிட்டேன்.

ஹார்தோக் ஓடிப்போய்ச் சேர்ந்த கடல் இப்போது கிடையாது. ஸாய்டர்ஸேக்கு வாயில் 32 கிலோமீட்டருக்கு ஒரு அணை போட்டு 1932 மே 28 அன்று அடைத்துவிட்டார்கள். உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீர் ஆனது. ஹெர்ரிங்கும் நெத்திலியும் போயின. ஒரு பகுதி வயலே ஆகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலை நம்பி இருந்த மீனவர்களுக்கு அரசாங்கம் நஷ்டஈடு, வேறு தொழில் என்று ஏதோ செய்தது. ஊருக்கு வெள்ளம் வராது, நிலம் கிடைக்கும். நல்ல காரியம்தான், யாரும் மறுக்க முடியாது. ஆனால் பதினெட்டு வயதில் ஒருவனுடைய பால்ய காலக் கடல், சாகாமல், இடம் மாறாமல், ஏரியாகிவிட்டது. அவர் கடலில் இருந்தது கொஞ்ச காலம்தான் என்று 11ஆம் தேதி குறைத்துச் சொன்னேனே, அதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். கொஞ்ச காலம்தான், ஆனால் திரும்பிப் போக முடியாத கடல். மெருகு போட்டுச் சொல்லாமல் என்ன செய்வான்?

இருபத்தொரு வருஷம் கழித்துக் கடல் வேறு பக்கம் வந்தது. 1953 ஜனவரி 31 ராத்திரி, தென்மேற்கே ஸேலாந்துப் பக்கம் கரையணைகள் உடைந்தன. 1,800 பேருக்கு மேல் செத்தார்கள். ஹார்தோக் அப்போது 'ரைவல்' என்ற படகு வீட்டில் குடியிருந்தார். அதை வெள்ளப் பகுதிக்குக் கொண்டுபோய் மிதக்கும் மருத்துவமனை ஆக்கினார்கள். அதிலிருந்து 'சின்னப் பேழை' வந்தது. வெள்ளத்தில் அகப்பட்ட இரண்டு பிள்ளைகள், கூடச் சில பிராணிகள், ஒரு படகு. 2004 டிசம்பருக்குப் பிறகு நம் கரையில் அந்தப் புத்தகத்தைப் படிப்பது சுலபம் இல்லை. நான் பாதியில் மூடி வைத்து, ஒரு வருஷம் கழித்து முடித்தேன்.

படகு என்றதும் ஞாபகம் வருகிறது. 'ஹட்சன்' என்று ஒரு நிஜ டக், 1939இல் கட்டியது. 1940இல் வெளியே இருந்ததால் தப்பி, போர் முழுக்க நேச நாட்டு வேலை பார்த்தது. 1963இல் வயதாகிவிட்டது என்று விற்றார்கள். அதை என்ன செய்தார்கள்? ஸ்டெலெண்டாம் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் கட்டிப் போட்டு ஐஸ் பாக்டரி ஆக்கினார்கள். போரில் கப்பல் கப்பலாக இழுத்த டக், அப்புறம் வருஷக்கணக்கில் மீனவர்களுக்கு ஐஸ் உடைத்துக் கொடுத்திருக்கிறது. எனக்கு இது அவமானமாகப் படவில்லை. ஓய்வு பெற்ற டக்காரன் எவனைக் கேட்டாலும் இந்த வேலைக்குச் சம்மதிப்பான். இப்போது அதையும் மீட்டு அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள்.

2 ஏப்ரல் 2021

புகார் சொல்கிறேன் என்றேனே. நம் வாசகருக்கு இது பிடிக்கும்.

ஒன்று, அவருடைய பெண்கள். ஸ்டெல்லா, வாண்டெலாரின் மனைவி, எல்லாரும் கரையில் ஜன்னலுக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஆண்களுக்கு ஆறுதல் சொல்லவே படைக்கப்பட்டவர்கள். கட்டில் நாடகத்தில் மட்டும்தான் மனைவிக்கு வாய் இருக்கிறது, கிழவி வேஷத்தில் எழுதியதாலோ என்னவோ.

இரண்டு, நல்லவன் வரும்போது பின்னணி வாத்தியம் கேட்கும். 'கொமடோர்', 'வெளி மிதவை' என்று ஹாரிங்ஸ்மாவை வயதானவனாக்கி எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மறுபடி கொண்டுவந்தார். கிழக் கேப்டன் தனக்குத்தானே பேசிக்கொள்கிற இடங்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் வயர் தளர்ந்துவிட்டது. தொய்வு வேண்டும் என்று நான்தான் எழுதினேன், இத்தனை தொய்வு வேண்டாம்.

மூன்று, புகாரா பாராட்டா தெரியவில்லை. அமெரிக்காவில் ஹூஸ்டன் போனார், அங்கே பல்கலைக்கழகத்தில் நாடகம் எழுதக் கற்றுக்கொடுத்தார். ஊர் அறக்கட்டளை மருத்துவமனையில் அவரும் மனைவியும் தொண்டர்களாகப் போனார்கள். ஏழைகளையும் கறுப்பர்களையும் அங்கே நடத்திய விதத்தைப் பார்த்து 1964இல் 'மருத்துவமனை' எழுதினார். ஊரே கொந்தளித்தது. திட்டியவர்கள் நிறைய, தொண்டர்களாக வந்து சேர்ந்தவர்களும் நிறைய. அந்தப் புத்தகத்தில் ஒரு அலை கூட இல்லை. ஆனால் எனக்கு அதுவும் ஒரு டக் கதையாகத்தான் பட்டது. ராத்திரி ஷிப்டு, ஆள் போதாது, இழுக்க வேண்டிய பாரம் பெரிது, மேலே உட்கார்ந்திருப்பவனுக்குக் கணக்கு மட்டும் தெரியும். கரி அள்ளிய பையன் அங்கேயும் இருக்கிறான்.

முன்பு போர்தான் விற்றது என்றவர், இப்போது "கொஞ்சம் படித்துப் பார்க்கிறேன்" என்று எழுதியிருக்கிறார். 'கேப்டன்' என்னிடம் இருக்கிறது, தருகிறேன். கடைசி நாலு பக்கம் கரையான் தின்றது. முடிவைத்தான் நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே.

9 ஏப்ரல் 2021

என் பழைய செராங் மாமாவுக்கு இந்த இழையை அவர் பேரன் வாசித்துக் காட்டியிருக்கிறான். எண்பதைத் தொடுகிற வயது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. காலையில் போன் போட்டு அரை மணி நேரம் விட்டார்.

கயிறு தொய்வு பற்றி எழுதியது சரியாம். கொக்கி நடுவில் இருப்பது பற்றியும் சரியாம். அந்த வெள்ளைக்காரன் கம்பெனியில் ஓவர்டைம் கொடுத்தார்களா என்று கேட்டார். சண்டை போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது மாமா என்றேன். "அங்கேயுமா" என்றார், ஒரு சந்தோஷத்தோடு.

அப்புறம் வயர் அறுந்த கதைக்கு வந்தார். அது 1994 இல்லை, 1992. கைப்பிடிக் கம்பி சுருண்டது நிஜம். அதை அவர்தான் ரம்பத்தால் அறுத்து எடுத்தார். பின் தளத்தில் நின்றது நான் இல்லையாம், வேறொரு பையன். அவன்தான் நகர்ந்து தப்பித்தான்.

"அப்போ டீ?" என்று கேட்டேன்.

"நான் எங்கடா டீ கேட்டேன்? நீ கீழே எஞ்சின் ரூமில தூங்கிக்கிட்டு இருந்தே. சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தே."